கிளி வளர்ப்பது தருமமா?

மலர்க்குழுத் தம்பிமார் இம்முறையும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழமையாக ஆலய வரலாறு, திருப்பணிக் கணக்கு, உபயகாரர் விபரம் என்று எழுதுபவன் நான். முப்பத்தேழு வருடம் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவனுக்குக் கோவைகளில் இருப்பதை எடுத்து எழுதுவது இலகு. இம்முறை எழுதப்போவது எந்தக் கோவையிலும் இல்லாத ஒரு விடயம். 2024ஆம் ஆண்டு மகோற்சவத்துக்கு முந்திய பரிபாலன சபைக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்கு அன்று நான் ஒழுங்காக மறுமொழி சொல்லவில்லை. அதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

கூட்டத்தில் ஒரு அங்கத்தவர் பிரேரணை ஒன்று கொண்டுவந்தார். அம்பாளின் திருக்கரத்திலே கிளி இருக்கிறது. ஆகவே வெளிவீதியின் வடகிழக்கு மூலையில் ஒரு கிளிக்கூடு அமைத்து ஏழெட்டுக் கிளிகளை வளர்த்தால் ஆலயத்துக்கு அழகு, சிறுபிள்ளைகளும் விரும்பி வருவார்கள் என்றார். வெளிநாட்டு அன்பர் ஒருவர் செலவை ஏற்கவும் ஆயத்தமாக இருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் வேண்டாம் என்றேன். உடனே பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அண்ணை, உங்கட வீட்டிலேயே ஒரு கிளி நிக்குது. நீங்கள் இதைச் சொல்லலாமோ?" சபையில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, வேறொன்றாக மாறிவிட்டது.

எனது இல்லத்தரசி 2018இல் காலமானார். நான் இளைப்பாறி நாலு மாதம் கூட ஆகவில்லை. மகள் கனடாவில், மகன் இலண்டனில். பெரிய வீடு, நாலு அறை, ஒரு கிணறு, இரண்டு மாமரம், நான். காலையில் பூசைக்குப் போவேன், பத்திரிகை பார்ப்பேன், பின்னேரம் ஆலய அலுவலகத்தில் இருப்பேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு வீட்டிலே ஒரு சத்தமும் இராது. பின்னர் 2020இல் ஊரடங்கு வந்தது. கோயிலுக்கும் போகமுடியாது. தனிமை என்பது என்னவென்று அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன். குளிர்சாதனப் பெட்டி நிற்கும் சத்தத்தையும் திரும்ப ஓடத் தொடங்கும் சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2021 மாசி மாதத்தில் பக்கத்து வளவைத் துப்புரவாக்கினார்கள். அங்கே வட்டு இழந்த மொட்டைப் பனை ஒன்று நெடுங்காலமாக நின்றது. போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனை. எமது பகுதியில் இப்படியான பனைகளிலேதான் கிளிகள் பொந்து பிடித்துக் குஞ்சு பொரிக்கின்றன. மனிதருக்கு அழிவாக வந்தது பறவைக்கு வீடாயிற்று. அந்தப் பனையை விழுத்தியபோது பொந்துக்குள் இருந்து ஒரு குஞ்சு உயிரோடு கிடைத்தது. வேலைசெய்த பையன் அதைச் சறத்தில் சுற்றிக்கொண்டு வந்து, "ஐயா, தனிய இருக்கிறியள், வளருங்கோ" என்று தந்தான். அவன் காசு கேட்கவில்லை. நான்தான் வற்புறுத்தி ஆயிரம் ரூபாவை அவன் கையில் வைத்தேன்.

இந்த ஆயிரம் ரூபாவைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

குஞ்சை வளர்க்க எனக்கு ஒன்றும் தெரியாது. பசுப்பாலில் பாணை நனைத்துத் தீத்தினேன். மூன்றாம் நாள் அது சோர்ந்து விழுந்தது. மிருக வைத்திய அலுவலகத்துக்கு ஒரு கடதாசிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கிருந்த வைத்தியப் பிள்ளை (எனது மகளிலும் இளையவர்) என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பறவைகளுக்குப் பால் செமிக்காது என்றார். பச்சைப்பயறையும் குரக்கனையும் நன்றாக அவித்து, களி போல மசித்து, இளஞ்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சூடு கூடினால் இரைப்பை வெந்துவிடும், குறைந்தால் உள்ளே தங்கிப் புளித்துவிடும். எனது பிள்ளைகள் இருவரையும் வளர்த்தது அவர்களின் தாய். கைக்குழந்தைக்குத் தீத்துவது எப்படியான பாடு என்பதை அறுபத்துமூன்றாவது வயதிலே ஒரு கிளிக்குஞ்சிடம் படித்தேன்.

பிறகு படித்தவை பல. கிளி வளர்க்கும் வீடுகள் எமது ஊரில் இன்னும் உண்டு என்பதால் சிலவற்றைச் சொல்லிவைப்பது நல்லது. நாங்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் வட்டமான சிறு கூடு கிளிக்குச் சிறைக்குள் ஒரு சிறை. செட்டை இரண்டையும் முழுதாக விரித்து அடிக்க முடியாத எந்தக் கூடும் கூடு அல்ல. நாகம் பூசிய மலிவான கம்பியை அது சொண்டால் சுரண்டும். அந்த நாகமே நஞ்சாகும். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் கொழுப்புப் பிடித்து ஈரல் கெடும். கீரை, கரட், பயறு, கொய்யா, பப்பாசி எல்லாம் வேண்டும். மிளகாயை உறைப்பில்லாமல் தின்னும், ஏனென்றால் அந்த உறைப்பு பறவைக்குத் தெரியாது. ஆனால் ஆனைக்கொய்யா, சொக்கிளேற், கோப்பி, உப்பிட்ட பொரியல் ஆகவே ஆகாது. ஒட்டாத சட்டியை அடுப்பில் மறந்து காயவிட்டால் எழும் புகை எமக்குத் தெரியாது. கூட்டிலே கிளி செத்துக் கிடக்கும். இரவிலே பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருளும் அமைதியும் வேண்டும். விறாந்தையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கூட்டை வைத்துவிட்டு, கிளி ஏன் கத்துகிறது என்று கேட்பதில் பயனில்லை. மிக முக்கியமானது, கிளி தன் நோயை மறைக்கும். காட்டிலே பலவீனத்தைக் காட்டினால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் வந்த பழக்கம். எமக்கு வருத்தம் என்று தெரியவரும்போது அநேகமாகக் காலம் கடந்திருக்கும். ஆகவே தினமும் அதன் எச்சத்தையும் நிறையையும் பார்க்கவேண்டும். நான் பழைய பழக்கத்தில் ஒரு கோடிட்ட கொப்பியில் எழுதிவருகிறேன்.

பெண் என்று நினைத்து லட்சுமி என்று பெயர் வைத்தேன். மூன்றாம் வருடம் கழுத்திலே கறுப்பும் றோசா நிறமும் கலந்த வளையம் தோன்றியது. அது ஆண் கிளிக்கு மட்டும் வருவது. பெயரை மாற்றவில்லை, இருவருக்கும் பழகிவிட்டது.

லட்சுமி பேசத் தொடங்கிய விதந்தான் என்னை முதன்முதலாகச் சிந்திக்க வைத்தது. "அம்மா" என்றும் "முருகா" என்றும் ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றையும் அது எடுக்கவில்லை. ஒருநாள் காலை நான் பூப்பறித்துக்கொண்டு நிற்கையில் தொலைபேசி அடித்தது. மகளாக்கும் என்று ஓடிப்போனேன். தொலைபேசி அடிக்கவில்லை, கிளிதான் அடித்தது. அடுத்த கிழமை இன்னொன்று வந்தது. நீண்ட ஒரு பெருமூச்சு, அதைத் தொடர்ந்து "ம்... என்ன செய்யிறது." எனது குரலேதான். இருமலும் அப்படியே. நான் அப்படிச் சொல்வேன் என்பதே எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருந்தால் ஒரு பறவை அதைப் பாடமாக்கும்! அந்த வீட்டில் இரண்டு வருடமாகப் பேசப்பட்ட பேச்சு முழுவதும் அவ்வளவுதான் போலும்.

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாங்கள் இளக்காரமாகச் சொல்கிறோம். அது அவ்வளவு சரியல்ல. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பேர்க் என்ற அம்மையார் 1977 முதல் 2007 வரை அலெக்ஸ் என்ற சாம்பல்நிறக் கிளியைப் பழக்கி ஆராய்ந்தார். நிறம் எது, வடிவம் எது, எத்தனை பொருள் என்று கேட்டால் அது பார்த்துச் சொன்னது. இன்ன பொருள் வேண்டும் என்று கேட்டது, வேண்டாததை மறுத்தது. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டும் ஓருயிருக்கு உண்டு என்றால், அதைப் பூட்டி வைப்பவன் மறுமொழி சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறான்.

இனி அந்த ஆயிரம் ரூபா. குஞ்சு வந்து இரண்டு கிழமையில் அதே பையன் மீண்டும் வந்தான். ஒரு பனங்கூடைக்குள் இன்னும் மூன்று குஞ்சுகள். "ஐயா, உங்களுக்கெண்டுதான் தேடிப்பிடிச்சனான்." இம்முறை பனை தானாக விழவுமில்லை, வளவு துப்புரவாக்கவுமில்லை. நான் அவனைப் பேசி அனுப்பிவிட்டேன். கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வை என்றேன். எங்கே வைப்பது? பொந்தைப் பிளந்தல்லவா எடுத்திருக்கிறான். பிறகு விசாரித்தபோது இரண்டு செத்துவிட்டன, ஒன்றை யாருக்கோ விற்றுவிட்டேன் என்றான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அன்புக்காக ஒருவன் கொண்டுவந்து தந்ததற்கு விலை வைத்தவன் நான். அந்த விலைதான் மூன்று குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்தது. என் கையால் நான் கொல்லவில்லை என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதலாம். இந்தப் பதிவேட்டில் எழுத முடியாது.

கிளி வளர்ப்போர் வழமையாகச் சொல்லும் நியாயம் ஒன்றுண்டு. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கிறோம், பருந்து இல்லை, பாம்பு இல்லை, மழை இல்லை, வெளியில் இருந்தால் இவ்வளவு சுகம் கிடைக்குமா என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். 2009ஆம் ஆண்டு வவுனியாவில், முட்கம்பி வேலிக்குள் இருந்த எமது சனங்களுக்கு உலர் உணவுப் பதிவேடு எழுதும் கடமையில் சில மாதங்கள் இருந்தேன். ஒரு வயோதிபர் தினமும் வரிசையில் வந்து பங்கீட்டை வாங்கிக்கொண்டு, "தம்பி, அரிசி வருகுது, பருப்பு வருகுது, எப்ப விடுவினம்?" என்று கேட்பார். அரிசியும் பருப்பும் அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி அல்ல என்பது எனக்கு அன்று நன்றாக விளங்கியது. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கிளிக்கு அதே மறுமொழியை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் திறந்து விட்டால் போயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் சொல்லவேண்டும்.

எமது வீட்டில் முன்பும் ஒரு கிளி இருந்தது. எனது தாயார் வளர்த்தது, பெயர் மணியன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வீதிக்கு இறங்கியபோது நாங்களும் இறங்கினோம். ஆட்டை அவிழ்த்துவிட்டோம், மாட்டை அவிழ்த்துவிட்டோம். அம்மா கூட்டின் கதவைத் திறந்து, "போ மோனை, போ" என்றார். மணியன் வெளியே வந்து கூட்டின் மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. பிறகு உள்ளே போய்விட்டது. ஏழு வயது மகள் அழுதாள், கொண்டுபோவோம் என்று. சைக்கிளில் அம்மாவும் இரண்டு பையும், எங்கே வைப்பது? மழைக்குள் நடந்தோம். தென்மராட்சியில் அரை வருடம் இருந்துவிட்டு 1996இல் திரும்பி வந்தபோது கூட்டின் கதவு திறந்தபடியே இருந்தது. கிளியும் இல்லை, இறகும் இல்லை. "பறந்து போயிருக்கும்" என்றார் அம்மா. அவர் காலமாகும்வரை அப்படித்தான் சொன்னார். ஒருநாளாவது "பறந்து போயிட்டுது" என்று சொன்னதில்லை.

நான் லட்சுமியை வளர்க்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஏனப்பா திரும்பவும்?" என்று மட்டும் கேட்டாள்.

2023ஆம் ஆண்டு ஒருநாள் மனம் கேளாமல் கதவைத் திறந்துவிட்டேன். அது பக்கத்து வீட்டு ஓட்டுக்குப் பறந்தது. பறக்கும் அழகைக் கண்டு நான் அம்பாளைக் கும்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் காகங்கள் கூடிவிட்டன. அதற்குக் காகம் என்றால் என்னவென்று யார் சொல்லிக்கொடுத்தது? தாய் சொல்லியிருக்கவேண்டும், தாயிடமிருந்து பிரித்தாயிற்று. பருந்தைக் கண்டால் எப்படி ஒளிப்பது, எந்தக் காய் எப்போது பழுக்கும், கூட்டத்தோடு எப்படித் திரும்புவது, இவை எல்லாம் பறவைக்குப் பிறப்பிலே வரும் என்று நினைத்தேன். பெரும்பாலும் பழக்கத்திலே வருவதாம். இரண்டாம் நாள் செவ்வரத்தை வேலிக்குள் முதுகில் கொத்துக் காயத்தோடு கிடந்தது. அதே வைத்தியப் பிள்ளை மருந்து போட்டார். "ஐயா, கையால வளத்த கிளியைத் திறந்து விடுறது விடுதலை இல்லை" என்றார்.

இதுவே இந்த விடயத்திலே எனக்குக் கடினமாகப்படுவது. ஒரு பிழையைச் செய்துவிட்டால், செய்யாத நிலைக்குத் திரும்பிப்போக வழி இல்லாமல் போகிறது. பிடித்தது பிழை, இப்போது விடுவதும் பிழை. கணக்கில் பிழை விட்டால் சிவப்பு மையால் வெட்டிப் பக்கத்தில் சரியான தொகையை எழுதி ஒப்பமிடலாம். உயிரோடு சம்பந்தப்பட்ட கணக்கில் அப்படி வெட்டமுடியாது. அந்தப் பிழையைத் தினமும் காலையில் கழுவிச் சாப்பாடு வைத்துப் பராமரிக்கத்தான் முடியும். பாசம் என்ற சொல்லை நாங்கள் அன்பு என்ற பொருளிலே வழங்குகிறோம். சைவசித்தாந்தம் படித்தவர்களுக்கு அது கட்டும் கயிறு என்றும் தெரியும். ஒரே சொல் இரண்டுக்கும் ஏன் வந்தது என்பதை வகுப்பில் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குவது போல இருக்கிறது. முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

அம்பாளின் கரத்துக் கிளிக்கு வருகிறேன். மதுரை மீனாட்சியின் கையிலும் கிளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி. ஆண்டாளின் கிளியைத் தினமும் புதிதாக இலைகளால் செய்து சாத்துகிறார்கள். அருணகிரிநாதர் கிளியுருவம் பெற்றார் என்பது வரலாறு. திருவண்ணாமலையில் கிளிக்கோபுரம் இன்றும் நிற்கிறது. சுகமுனிவரின் பெயரே கிளியின் பெயர்தான். எமது மரபிலே கிளிக்கு இவ்வளவு இடம் இருக்கிறது. ஆனால் அன்பர்களே, இவற்றில் ஒன்றிலாவது கூடு இருக்கிறதா? அம்பாளின் கிளி காலில் சங்கிலி இல்லாமல் கைமேல் இருக்கிறது. போகலாம், போகவில்லை. அந்தக் கிளியைக் காட்டி இந்தக் கூட்டைக் கட்டுவது பொருந்தாது என்பதே நான் சபையிலே சொல்ல நினைத்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டுக் கிளிகளைப் பிடித்துக் கூட்டில் வைப்பது குற்றம். எமது நாட்டிலும் 1937ஆம் ஆண்டிலிருந்து வனசீவராசிகளுக்கு ஒரு கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் நான் சட்டத்தைக் கொண்டு பேசவில்லை. ஏழெட்டுக் கிளி வேண்டும் என்று ஆலயம் சொன்னால், அதற்காக எத்தனை பொந்து பிளக்கப்படும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் ரூபாவுக்கு மூன்று வந்ததே.

கிளி வளர்ப்பவன் இதைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு எனது மறுமொழி, வளர்ப்பவன்தான் சொல்லவேண்டும் என்பதே. தெரியாதவன் சொன்னால் அது உபதேசம்.

பிரேரணை பின்போடப்பட்டது. வடகிழக்கு மூலையில் இப்போது கொய்யாவும் நாவலும் நட்டிருக்கிறார்கள். வெளிவீதியின் பின்புறத்தில் நிற்கும் இரண்டு மொட்டைப் பனைகளையும் தறிக்காமல் விடுவதென்று சபை தீர்மானித்தது. அதற்கு மட்டும் என்னை எவரும் எதிர்க்கவில்லை.

லட்சுமிக்கு மாமரத்தின் கீழ் எட்டடி நீளத்தில், ஆறடி உயரத்தில் ஒரு கூடு அடித்திருக்கிறேன். கொய்யாக் கொப்பு, முருங்கைக் கொப்பு என்று மாற்றி மாற்றிக் கட்டிவிடுவேன், கடித்துத் துகளாக்கிவிடும். பின்னேரங்களில் கதவைப் பூட்டிவிட்டு வீட்டு மண்டபத்துக்குள் பறக்க விடுவேன். "என்ன செய்யிறது" இப்போது குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பேத்தி வந்து கணக்கு வாய்ப்பாடு பாடமாக்குவதால் "ஏழேழு நாப்பத்தொன்பது" என்கிறது.

எனக்கு அறுபத்தேழு வயது. நன்றாகப் பராமரித்தால் இந்தக் கிளிகள் இருபத்தைந்து, முப்பது வருடம் இருக்குமாம். இதை எடுக்கும்போது நான் யோசிக்காத விடயம். துணைக்கு என்று எடுத்தேன். என் துணை தேவைப்படப்போவது அதற்கு. மகள் கனடாவுக்கு வரச்சொல்லி ஒவ்வொரு மாதமும் கேட்கிறாள். கொப்பியிலே எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், என்ன உணவு, எத்தனை மணிக்கு, எந்தக் கொப்பு, வருத்தம் வந்தால் எந்த அடையாளம் என்று. பக்கத்து வீட்டுப் பேத்தியிடம் அதை வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. கேட்கவில்லை, கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். கேட்டால் அவள் ஓம் என்றுதான் சொல்வாள். அந்த ஓமை இந்த வயதில் அவளிடம் வாங்கலாமா என்று தெரியவில்லை.

பின்னேரம் ஐந்தரை மணி போல மேற்குப் பக்கப் பனங்கூடலுக்குக் கிளிக்கூட்டம் திரும்பும். இருபது முப்பது இருக்கும். எமது மாமரத்துக்கு மேலால்தான் போகும். அவற்றின் சத்தம் தூரத்தில் கேட்டதும் லட்சுமி கம்பியின் உச்சிக்கு ஏறி நின்று கத்தும். அது எனது குரலும் அல்ல, தொலைபேசியும் அல்ல, வாய்ப்பாடும் அல்ல. சில நாட்களில் கூட்டத்தில் ஒன்றிரண்டு தாழப் பறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். அந்த நேரத்தில் நான் கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பேன். ஒன்றும் பேசமாட்டேன். இருட்டியதும் துணியைப் போட்டு மூடிவிட்டு, சாயரட்சைப் பூசைக்குப் பிந்திவிடாமல் கோயிலுக்குப் புறப்படுவேன்.